அனாஹிக்கு முடி இறக்காத ஞாயிறு

சூளை மேஸ்திரி டான் கிரிசாந்தோ, "உன் பொண்ணுக்கு நானே முடியெடுக்குறேன்" என்று சொன்ன நாளிலிருந்து செவேரோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எல் ஆல்டோ நகரின் கடைசித் தெருவிலிருந்த அந்தச் செங்கல் சூளைக்குச் சுமை தூக்க வந்து நான்கு வருடமாகிறது. சொந்தமென்று ஓர் ஆள் கிடையாது. மனைவி சிலி நாட்டுக்கு வேலைக்குப் போனவள். முதலில் வாரம் ஒருமுறை போன் செய்தாள், அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று.

குழந்தையின் முதல் முடியை எடுப்பவர் அதற்கு ஞானத்தகப்பன். பெற்றவனுக்கோ கொம்பாத்ரே, கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். அவர் வீட்டு விசேஷத்தில் உனக்கு ஒரு நாற்காலி உண்டு. நீ செத்தால் தூக்க ஆள் உண்டு.

மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு வயதில் முடிந்துவிடுகிற சடங்கு. அனாஹிக்கு ஆறு வயது, இடுப்புவரை முடி. அவள் தலையை யாரும் தொட முடியாது. செவேரோ மட்டும், எந்தப் பக்கம் தொடப் போகிறான் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, விரலால் அடியிலிருந்து கோதுவான்.

காலையில் கோழிக்குஞ்சோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். சட்டைக் காலர் உரசும், அல்லது பக்கத்தில் யாரோ தகரத்தைத் தட்டுவார்கள். உடனே தரையில் விழுந்து தலையை முட்டுவாள். அடம் என்றார்கள். பெல்ட்டைக் காட்டு என்றார்கள். ஒருமுறை காட்டினான். அன்றைக்கு அவள் தன் நாக்கையே கடித்துக்கொண்டாள். அப்புறம்தான் உற்றுக் கவனித்தான். அடம் பிடிக்கிற பிள்ளை ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும். இவள் யாரையும் பார்ப்பதில்லை. முதலில் கம்பளிச் சட்டையின் கையை இழுத்து விரல்களை மூடிக்கொள்வாள். பிறகு ஒரே சுரத்தில் முனகுவாள். அந்த நேரத்துக்குள் சத்தமில்லாத இடத்துக்குக் கூட்டிப் போய்விட்டால் தப்பித்தான்.

சனிக்கிழமை மேஸ்திரியிடம் போய் நின்றான்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும். புள்ள தலையில கலர் காகிதப்பொடி மட்டும் தூவ வேண்டாம்."

"என்னப்பா, சாவு வீடா? காகிதம் தூவாம ஒரு விசேஷமா?"

"அவளுக்கு ஒத்துக்காது."

"ஒத்துக்காம போறதுக்கு அதென்ன மிளகாயா? சரி சரி, பாத்துக்கலாம் போ."

ஞாயிறு மதியம் செவேரோவின் வீட்டுக்கு முப்பது பேர் வந்தார்கள். ஆட்டுக்கறி சூப்பும், உறைபனியில் காயவைத்த கருப்புக் கிழங்கும் தயார். தட்டில் ரிப்பன் கட்டிய கத்திரி. மூலையில் மூன்று பேர் மேளம். அனாஹி முக்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டில் மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரியின் மனைவி டோனா ஃபாபியானாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "வாடி என் ராசாத்தி!" என்று ஒரு பிடி காகிதப்பொடியை உச்சந்தலையில் கொட்டினாள். அதைப் பார்த்து நாலைந்து பேர் தூவினார்கள். கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. சூப்புப் பானையிலிருந்து நிமிர்ந்தபோது செவேரோ பார்த்தது, விரல்களை மூடிய சட்டைக் கைகளை. கூட்டத்தை விலக்கி அவன் வருவதற்குள் மேளம் முழங்கிவிட்டது.

அவ்வளவுதான். முக்காலி உருண்டது. கழுத்தைப் பிறாண்டிக்கொண்டு அனாஹி அலறினாள்.

"யம்மா, தொண்டையா இது, லாரி ஹாரனா!" என்று யாரோ சிரித்தார்கள். டான் கிரிசாந்தோ கத்திரியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"செவேரோ, கைய அமுக்கிப் புடி. ஒரே ஒரு கொத்து வெட்டினா போதும், சடங்கு முடிஞ்சுது. நான் பாக்காத அழுகையா, கொம்பாத்ரே!"

அந்த வார்த்தையை முதல்முறை அவர் வாயால் கேட்டான். பிடிக்கத்தான் செய்தான். இரண்டு மணிக்கட்டும் அவன் உள்ளங்கைக்குள் துடித்தன. அனாஹியின் கண் திறந்திருந்தது, ஆனால் அவனைக்கூடப் பார்க்கவில்லை.

கையை விட்டான்.

"மேஸ்திரி, கத்திரிய வையுங்க. இன்னிக்கு வேண்டாம். மேளத்த நிறுத்தச் சொல்லுங்க. எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க."

"சாப்பிட வந்தவங்கள வெளிய போகச் சொல்றியா? ஆறு வயசுக் கழுதை ஆட்டுது, நீ ஆடுற!"

"அவ ஆட்டல மேஸ்திரி. அவளத்தான் ஏதோ ஆட்டுது."

கிரிசாந்தோ கத்திரியைத் தட்டில் போட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். "ஒரு பிடி காகிதத்துக்கா இவ்வளவு?" என்று ஃபாபியானா கண் கலங்கப் பின்னால் போனாள். மற்றவர்களும் போனார்கள்.

கதவைச் சாத்தினான். அவளுக்கு ஒரு கை தூரம் விட்டுத் தரையில் படுத்தான். தொடவில்லை. அலறல் விம்மலாகி, விம்மல் முனகலாகி, வெறும் மூச்சானது. பானையில் கொழுப்பு உறைந்தது. வேறு யார் வீட்டு முற்றத்திலோ அதே மேளம் மறுபடி கேட்டது.

ரொம்ப நேரம் கழித்து அவன் தலைமுடிக்குள் ஒரு விரல் நுழைந்தது.

"பச்ச," என்றாள் அனாஹி. அதில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கை எடுத்துத் தரையில் வைத்தாள். "செவப்பு."

செவேரோ கண்ணை மூடிக்கொண்டான். அவன் தலையை ஒரு கை தொட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

திங்கட்கிழமை சூளையில், "செவேரோ, மூணாவது அடுக்கத் தூக்கு" என்றார் மேஸ்திரி. வெறும் பெயர்தான், கொம்பாத்ரே இல்லை. மதியம் வழக்கம்போல் எல்லாரும் துணியை விரித்து அவரவர் கொண்டுவந்ததை நடுவில் கொட்டினார்கள். பொதுவில் எடுத்துச் சாப்பிட்டார்கள். மீந்துபோன கருப்புக் கிழங்கை அவனும் கொட்டினான். சாப்பிட்டு முடிந்து எல்லாரும் எழுந்தபோது அது மட்டும் கொட்டிய இடத்தில் அப்படியே குவியலாக இருந்தது.

அதைத் திரும்பத் தன் துண்டில் கட்டிக்கொண்டான். அனாஹிக்கு அது பிடிக்கும்.