என் பேரில் விழுந்த பாடு

வானத்தில் சுற்றும் தொலைநோக்கியில் எனக்கு ஏழு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். 1985. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஈ மொய்த்தாற்போல் நெருங்கிக் கிடக்கும் ஒரு கோளகக் கொத்து. அதன் நடுவே ஒன்றையொன்று ஒட்டிச் சுற்றும் ஜோடி ஒன்று இருக்கிறது என்று நான்தான் எழுதிக் கேட்டிருந்தேன். அங்கிருந்து வரும் எக்ஸ் கதிர் சீரான இடைவெளியில் மங்கினால் ஜோடி உண்மை. தொலைநோக்கியை இயக்கும் நிலையம் ஜெர்மனியில்; அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

சென்னையில் என் பேராசிரியர் ஒரு காகிதத்தை நீட்டினார். "பெண்பிள்ளை தனியா அவ்வளவு தூரமா? இந்தத் தடவை ராஜவேலு போகட்டும். கையெழுத்துப் போடும்மா."

ராஜவேலு என்னோடு படிப்பவன். அந்தக் கொத்து வானத்தில் எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் என் பட்டம் அவர் கையில். திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஏரிக்கரையிலிருக்கும் என் ஊர் கோட்டைக்குப்பத்துக்கு பஸ் ஏறினேன்.

அம்மா கோவிந்தம்மா இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தைக் காட்டினேன்.

"இன்னாடி இது?"

"ஏரியில சீட்டு எடுத்து, இன்னிக்கி இந்த எடத்துல இவன்தான் வலை போடணும்னு பாடு வுடறாங்கல்ல? அதே மாதிரி அந்த ஏழு மணி நேரம் என் பாடும்மா. அத்த வேற ஒருத்தனுக்கு வுட்டுக் குடுக்கணுமாம். இந்த ஒரு தபாதானாம்."

அம்மாவின் கை நின்றது.

"ஒரு தபாவா? உங்க நைனா செத்தப்ப உங்க சித்தப்பன் தருமனும் இதேதான் சொன்னான். 'பொம்பள எப்படி வலை போடுவ? ஒரு வருசம் நான் பாத்துக்கிறேன் அண்ணி'ன்னு நம்ம பாட்டுக்குக் கைநாட்டு வாங்கினான். பதினோரு வருசம் ஆச்சு, இன்னும் திருப்பிக் குடுக்கல. நீ மட்டும் கையெழுத்துப் போட்ட, இந்த வாசப்படி மிதிக்காத!"

திங்கட்கிழமை காகிதத்தைக் கையெழுத்துப் போடாமலே பேராசிரியர் மேஜையில் வைத்தேன்.

"நான்தான் போவேன் சார்."

"பட்டம் வேணாமா?"

"வேணும். அதையும் விடமாட்டேன்."

போனேன். ஏழு மணி நேரமும் திரையை விட்டு எழவில்லை. கதிர் மங்கியது, ஏறியது, அதே இடைவெளியில் மறுபடி மங்கியது. பதினாறு தடவை. "அடி சக்கை!" என்று நான் கத்தியதில் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர் காப்பியைக் கொட்டிக்கொண்டார்.

ஊர் திரும்பிய வாரம், பாட்டுக்குச் சீட்டு எடுக்க ஆண்கள் கூடியிருந்தார்கள். அம்மா விறுவிறுவென்று போய் நடுவில் உட்கார்ந்தாள்.

"இங்க உனக்கு இன்னா வேலை அண்ணி?" என்றார் சித்தப்பா.

"எம் பேருக்கும் ஒரு சீட்டு எழுது. எம் பொண்ணு அவ பாட்டை எவனுக்கும் வுட்டுக் குடுக்கல. நான் குடுத்தத திருப்பி வாங்க வந்துகிறேன்."

ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. அம்மா மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நிதானமாக நரம்பு கிள்ள ஆரம்பித்தாள். நானும் போய் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.