மேடேறிய கால்வாய்

கால்வாய் மேட்டில் ஏறியது. கணினித் திரையில்தான்.

வெள்ள எல்லை வரைவதற்காகக் கால்வாயின் சரிவைக் கணக்கிடுவது அவன் வேலை. செயற்கைக்கோள் மேலிருந்து அளந்த தரை உயரங்களை மென்பொருளில் ஏற்றி, கால்வாய் போகும் வழியில் கோடு இழுக்க வேண்டும். இரு முனைகளின் உயர வித்தியாசத்தை நீளத்தால் வகுத்தால் சரிவு. ஒழுங்காக இறங்கி வந்த கோடு, நடுவில் ஓரிடத்தில் திமில் போல எழும்பிவிட்டு மறுபடி இறங்கியது.

மேலதிகாரி எட்டிப் பார்த்தார். அலுவலகத்தில் அவருக்கு ‘முனைவர்’ என்றே பெயர். பட்டம் வாங்கியதை யாரும் மறந்துவிடக் கூடாதென்று கதவிலும் காப்பிக் கோப்பையிலும் எழுதி வைத்திருந்தார்.

“தண்ணி மேல ஏறுமாய்யா? தரவுல கோளாறு. பள்ளத்த நிரப்புற பட்டன் இருக்குல்ல, அமுக்கு.”

அமுக்கினான். திமிலுக்குப் பின்னால் இருந்த தாழ்வை எல்லாம் மென்பொருள் அதன் உச்சி வரை நிரவிவிட்டது. அங்கே கால்வாய் மேஜை போலத் தட்டையானது. சரிவு இல்லையென்றே சொல்லலாம். சரிவில்லாத இடத்தில் வெள்ளம் வடியாது, பரவும். வெள்ள எல்லையின் சிவப்புக் கோடு கரையோரத் தெரு ஒன்றை வளைத்துப் போட்டது. கோட்டுக்குள் இருப்பவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முனைவர் கூட்டம் போட்டு ‘அதிநவீனம்’ என்ற சொல்லை மூச்சு வாங்கும் வரை சொல்லிக் கைதட்டு வாங்கினார்.

அந்தத் தெருவில்தான் அவன் அக்கா தனியாக இருந்தாள்.

“எங்கடா போவேன் நான்?”

“நான் எதுக்கு இருக்கேன்? என் வீட்டுக்கு வாக்கா.”

துக்கம் விசாரிக்கும் குரலில்தான் சொன்னான். முகம்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நல்லவேளை, போனில் முகம் தெரியாது. கல்யாணம் ஆகாத அவன் வீட்டில், இத்தனை வருஷமாகச் சத்தம் போட்டது குளிர்சாதனப் பெட்டி மட்டும். அன்றே இன்னொரு அறையை ஒழித்தான். மாற்றுச் சாவி ஒன்று அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை, மூட்டை கட்ட உதவலாமென்று கிளம்பினான். பஸ் கால்வாய்ப் பாலத்தின் மேல் நெரிசலில் நின்றது. ஜன்னல் வழியே குனிந்து பார்த்தான். பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது பாட்டுக்கு, வேகமாக.

அவன் உட்கார்ந்திருந்தது அந்தத் திமிலின் மேல். மேலிருந்து பார்த்த செயற்கைக்கோள் பாலத்தின் முதுகைக் கால்வாயின் தரை என்று எழுதி வைத்திருக்கிறது. பாலம் என்றால் அடியில் வழி இருக்கும் என்பது அதற்கும் தெரியவில்லை, முனைவருக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

சொல்லாவிட்டால் தெரியப்போவதும் இல்லை. முனைவர் பஸ்ஸில் வருகிற ஆள் இல்லை.

அக்கா பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு எந்த ரூம்டா?”

“வெயில் வர்ற ரூம்.”

“உன் கொறட்டை கேக்குமா?”

“கதவ சாத்திக்க.”

“கதவு தாங்குமாடா?” என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். கடைசியாக எப்போது சத்தமாகச் சிரித்தோம் என்று நினைவில்லை.

பிறகு அவள் கரண்டியோடு கொல்லைப்புறம் போனாள். எலுமிச்சைச் செடியைச் சுற்றித் தோண்டினாள். வேர் ஆழத்தில் இருந்தது. கரண்டியால் இரண்டு முறை நெம்பிப் பார்த்தாள்.

“இது வராது” என்று மண்ணைத் திரும்பத் தள்ளி, கையால் தட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை, திரையில் பாலம் இருந்த கட்டங்களின் உயரத்தை இருபக்கத்துக் கால்வாய்த் தரைக்கு இறக்கிவிட்டு, மறுபடி கணக்குப் போட்டான். கோடு தடங்கலில்லாமல் இறங்கியது. சிவப்புக் கோடு தெருவை விட்டுவிட்டுக் கரைக்குள் போய் அடங்கியது.

முனைவர் நிதானமாகக் காப்பியை உறிஞ்சினார்.

“நான்தான் அன்னைக்கே சொன்னேனே, தரவுல கோளாறுன்னு.”

அக்காவுக்குப் போன் போட்டான்.

“நெஜமாவாடா? காலி பண்ண வேணாமா? அப்பாடா!” அவள் மூச்சு விட்டது இங்கே கேட்டது. “கோவிச்சுக்காத, உன் வீட்ட நெனச்சாலே எனக்குத் தூக்கம் வரல. ஆமா, சாவி கீவி அடிச்சிட்டியா?”

“இல்லக்கா. இன்னும் அடிக்கல.”

“நல்லதாப் போச்சு. எலுமிச்சை காய்ச்சா கொண்டாந்து தரேன்.”

சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று புதுச் சாவியைப் போட்டுப் பார்த்தான். நன்றாகவே திறந்தது.