தண்ணீர் கொடுத்த அறை

மேலாளரைத் தண்ணீர் முதன்முதலாக அறைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு. மேசை மேல் டம்ளரில் பாதி இருந்த தண்ணீர் எழுந்து, சுவர்போல நிமிர்ந்து, கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுத் திரும்ப டம்ளருக்குள் போய் உட்கார்ந்தது. சட்டைக் காலரில் ஒரு சொட்டு ஈரமில்லை.

எதிரில் நின்றவள் கணக்குக்காரி. கப்பல் உருளும்போது பாதி நிரம்பிய தொட்டிக்குள் திரவம் குதித்துச் சுவரில் எவ்வளவு பலமாக மோதும் என்று சமன்பாடு எழுதிச் சொல்வது, அந்தக் கப்பல் கட்டும் தளத்தில் அவள் வேலை. சாய்வாகப் படும் அலை சும்மா தெறித்துப் போகும். உள்ளங்கை முழுக்கப் பதிகிற மாதிரி தட்டையாக விழும் அலைதான் இரும்பை நெளிக்கும். ஒன்பது மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் கண்ட எண்ணை மேலாளர் அப்போதுதான் பேனாவால் பாதியாக்கியிருந்தார். எண் குறைந்தால் தகடு மெலியும், கப்பல் சீக்கிரம் கடலில் இறங்கும். அதில் இயந்திரம் பார்க்கப் போகிறவன் அவள் புருஷன் என்பது அவருக்கும் தெரியும். "தண்ணிதானேம்மா, என்ன பண்ணிடப் போகுது?" என்று அவர் சொல்லி வாயை மூடவில்லை, அறை விழுந்துவிட்டது.

புதன்கிழமை குழாய்த் தண்ணீர் அறைந்தது. வியாழக்கிழமை குளியல் வாளி. வெள்ளிக்கிழமை மனைவி ஆற்றிக் கொடுத்த காபி. "யார் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டாள் மனைவி. கணக்குக்காரியோ தினமும், "கன்னத்தக் கொஞ்சம் காட்டுங்க சார்" என்று அடிக்கோலால் சிவப்பை அளந்து குறித்துக்கொண்டாள். அந்த அளவுகளை வைத்துப் பார்த்ததில் தன் எண்ணிலும் இரண்டு சதவீதம் பிசகு என்று தெரியவர, ஒளிக்காமல் திருத்தினாள்.

திங்கட்கிழமை மேலாளர் வீங்கிய முகத்தோடு வந்தார். "ஏம்மா, உன் தண்ணிகிட்ட நீ கொஞ்சம் சொல்லேன்."

"நான் சொன்னா கேக்காது சார். இத்தனை மாசமா அது சொல்றதத்தான் நான் எழுதிக்கிட்டிருக்கேன்."

அவள் திருத்திய எண்ணை மேலாளர் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தடித்த தகடு அடித்த கப்பல் நான்கு மாதம் தாமதமாகப் புறப்பட்டு, முதல் பயணத்திலேயே மூன்று நாள் புயலில் சிக்கியது. நான்காம் நாள் புருஷன் தொலைபேசியில், "தொட்டிக்குள்ள யாரோ கதவ இடிக்கிற மாதிரி சத்தம். ஆனா ஒரு தகடுகூட நெளியல" என்றான். அவள் கொஞ்சநேரம் அழுதாள். பிறகு, மூன்று நாளாகச் சாப்பிடாததற்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் அந்தத் தளத்தில் எண்ணைக் குறைத்தவர்கள் எல்லோரும் அறை வாங்கினார்கள். யாரும் காரணம் தேடவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து மேலாளர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எந்தக் கன்னத்துல விழும்?" இடது என்றார்கள். "அப்பச் சரி, எனக்கு வலது பக்கம்தான் பல்வலி" என்று சொல்லி வேலையில் சேர்ந்தார்.