பதிவேட்டில் கோர்சாக் எழுதிய வரி

பன்னிரண்டு விமானங்கள் கிளம்பிப் போயின. இருபது நிமிடத்தில் ஒன்று மட்டும் தனியாகத் திரும்பி வந்தது. அது எந்த விமானம் என்று வின்சென்டி கோர்சாக் அண்ணாந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. அவர் கையால் பிரித்துப் பூட்டிய இன்ஜின் அது. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஏன் பாதியில் திரும்ப வேண்டும்?

அவருக்கு ஐம்பத்தொரு வயது. ஜெர்மனியிடம் நாட்டை இழந்து, இங்கிலாந்தின் தெற்கே அந்த விமான மைதானத்தில் இறங்கியிருந்த போலந்துப் படைப்பிரிவில் அவரைவிட மூத்த மெக்கானிக் கிடையாது. 1940 செப்டம்பர் பிறந்ததிலிருந்து வேலை ஒரே மாதிரிதான். விடிவதற்கு முன் இன்ஜினைச் சூடேற்ற வேண்டும். பெட்ரோல் நிரப்ப வேண்டும். குண்டு துளைத்த இடத்தில் துணி ஒட்டி வார்னிஷ் பூச வேண்டும். விமானியை இருக்கையில் வாரால் இறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டு, திரும்பி வருகிறவர்களை எண்ண வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை இப்படி. கிளம்பச் சொல்லித் தொலைபேசி எந்த நேரமும் அடிக்கலாம் என்பதால் எல்லோரும் நின்றபடியே தூங்கப் பழகியிருந்தார்கள்.

விமானம் வந்து நின்றது. துப்பாக்கி வாய்களில் ஒட்டியிருந்த சிவப்புத் துணிகள் கிழியாமல் இருந்தன. ஒரு தோட்டாகூடச் சுடவில்லை என்று அர்த்தம். துப்பாக்கிகளைக் கவனிக்கும் கார்ப்பரல் கௌலிக் அவற்றைப் பார்த்தான், பிறகு கோர்சாக்கைப் பார்த்தான், பிறகு தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான்.

இறங்கியவன் ஸெனோன் கோர்சாக். வின்சென்டியின் தம்பி மகன். இருபத்து மூன்று வயது. தம்பி போரின் முதல் வாரத்திலேயே குதிரைப்படையில் உயிரை விட்டான். பிறகு ருமேனியா வழியாகவும் பிரான்ஸ் வழியாகவும் இந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தவர் பெரியப்பாதான். ஆனால் மைதானத்தில் அவன் அதிகாரி, அவர் சார்ஜெண்ட். அவர்தான் முதலில் சல்யூட் அடிக்க வேண்டும். அடித்தார்.

"இன்ஜின் படுத்துடுச்சு, சார்ஜெண்ட்" என்றான்.

"எப்போ, சார்?"

"சண்டை தொடங்கினதும். பின்னாடி ஒருத்தன் வந்துட்டான். முழு வேகம் கொடுத்தேன். செத்துப்போன மாதிரி ஆயிடுச்சு. கீழே விழுந்துக்கிட்டே வந்து எப்படியோ சரியாச்சு. முந்தாநாள் நடந்த மாதிரியேதான்."

அவன் கண்கள் சிவந்திருந்தன. பொய் சொல்கிறவனின் கண்களா அவை, தூங்காதவனின் கண்களா என்று பெரியப்பாவுக்குப் பிடிபடவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் இன்னும் பத்து விமானங்கள் இறங்கின. பன்னிரண்டாவது வரவில்லை. அது லெப்டினன்ட் ஹலாமாவுடையது. அவருடைய பின்பக்கத்தைக் காக்க வேண்டியவன் ஸெனோன். ஹலாமா எரிகிற விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துவிட்டார் என்றும், கைகளும் முகமும் வெந்த நிலையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றும் செய்தி வந்தது.

படைப்பிரிவின் தலைவர் கேப்டன் ஷெலிகா விமானத்தடிக்கே வந்தார். இறக்கையில் சாய்ந்துகொண்டு பேசினார். சாயாமல் நிற்க அவருக்குத் தெம்பில்லை.

"கோர்சாக், மத்தியானத்துக்குள்ள எனக்குப் பதில் வேணும். இன்ஜின்ல கோளாறுன்னா கோளாறுன்னு பதிவேட்டுல எழுதுங்க. கோளாறு இல்லேன்னா, ரெண்டு தடவை சண்டையை விட்டுட்டு வந்தவன்னு நான் மேலே எழுதியாகணும். மார்புல இருக்கிற விமானிச் சின்னத்தைக் கழட்டிடுவாங்க. அதோட கெடறது உங்க குடும்பப் பேரு."

"என் குடும்பப் பேரு எனக்கு மறக்கலை, கேப்டன்."

கோர்சாக் குடும்பத்தில் போரில் செத்தவர்கள் உண்டு. ரஷ்ய ஜார் மன்னனின் சிறையில் கிடந்தவர்கள் உண்டு. நிலத்தையும் வீட்டையும் இழந்து வண்டியோட்டிப் பிழைத்தவர்களும் உண்டு. முதுகு காட்டியவன் என்று மட்டும் அந்த வீட்டில் ஒருவனையும் யாரும் சொன்னதில்லை.

அவர் இன்ஜின் மூடியைக் கழற்றினார். ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் காட்டிப் பார்த்தார். பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தார். திரும்பப் பூட்டி, ஏறி உட்கார்ந்து முழு வேகத்தில் ஓடவிட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

கௌலிக் ஏணியில் ஏறி அவர் காதருகே வந்தான். "பெரியவரே, ஒரு பிளக் கரி பிடிச்சிருந்ததுன்னு எழுதிட்டுப் போங்களேன். பிளக் வந்து சாட்சி சொல்லவா போகுது?"

"இருபது வருஷமா நான் கையெழுத்துப் போட்டதை நம்பித்தாண்டா ஆளுங்க மேலே போறாங்க."

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"தெரியும். கீழே இறங்கு. ஸெனோனைக் கூட்டிட்டு வா."

ஸெனோன் புல்வெளியில் சாய்வு நாற்காலியில், கையில் பாதி கடித்த ரொட்டியோடு தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. பெரியப்பா அவனை இருக்கையில் உட்காரவைத்து வாரைக் கட்டினார். இன்ஜின் அணைந்திருந்தது. கௌலிக்கைத் தூரமாகப் போகச் சொன்னார்.

"கண்ணை மூடிக்கோ."

"எதுக்கு, பெரியப்பா?"

"சொன்னதைச் செய். மேலே இருக்கே. ஹலாமா உனக்கு முன்னாடி போறார். வெயில் கண்ணுல அடிக்குது. பின்னாடி ஒருத்தன் வந்துட்டான். இப்போ."

ஸெனோனின் இடது கை த்ராட்டில் பிடியைப் பற்றி, ஒரே இழுப்பில், கடைசிவரை பின்னால் இழுத்தது.

இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

போலந்தில் ஓட்டிய விமானங்களில் அந்தப் பிடியைப் பின்னால் இழுத்தால் வேகம் கூடும். இங்கே முன்னால் தள்ள வேண்டும். இழுத்தால் இன்ஜின் அடங்கிவிடும். வந்த புதிதில் எல்லோரும் தடுமாறினார்கள், பிறகு பழகினார்கள். மனசுக்குப் பழகியது கைக்கு முழுதாகப் பழகவில்லை. அலுத்துப்போன கை தன் பழைய வீட்டுக்குப் போய்விட்டது.

பெரியப்பாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. பையன் பயந்து ஓடிவரவில்லை. ஆனால் ஸெனோனின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்போ ஹலாமாவை எரிச்சது நான்தான்."

"எரிச்சவன் ஜெர்மன்காரன்."

"நான் பின்னாடி இருந்திருந்தா அவன் கிட்டே வந்திருக்க முடியாது." குரலைத் தாழ்த்தினான். "பெரியப்பா, பிளக்குன்னே எழுதிடுங்க. இதை எழுதினா முதல் நாள் படிக்க வந்தவன் பண்ற தப்புன்னு சிரிப்பாங்க. பயந்தவன்னு சொன்னாக்கூடப் பரவாயில்லை."

"பரவாயில்லையா? உங்கப்பன் பேரை வச்சுக்கிட்டு இப்படிப் பேசுற?"

"அப்பா பேருக்காகத்தான் கேக்கறேன்."

கோர்சாக் இறக்கையின் மேல் நின்றபடியே யோசித்துப் பார்த்தார். கால்கள் வலித்தன. ஒரு பொய் எழுதினால் பேர் தப்பும், பையன் மறுநாளே மேலே போவான், அந்தக் கை மறுபடி பின்னால் போகும். இது தெரிந்தும் எழுதினால் கோர்சாக் என்ற பேருக்கு என்ன மிச்சம்?

"உன் கையை நான் பார்த்துட்டேன், ஸெனோன். பார்க்காத மாதிரி கையெழுத்துப் போட எனக்குத் தெரியாது."

கீழே இறங்கி, பெட்ரோல் பீப்பாயின் மேல் பதிவேட்டை வைத்து எழுதினார்: இன்ஜினில் கோளாறு இல்லை. விமானி அவசரத்தில் பிடியைப் பழைய வழக்கப்படி இழுத்துவிட்டார். பதினெட்டு நாட்களில் நாற்பத்தொரு முறை பறந்திருக்கிறார். கீழே பேரை முழுதாக எழுதினார்.

கேப்டன் ஷெலிகா அதை இரண்டு முறை படித்தார்.

"உங்க ரத்தம்னு பார்க்காம எழுதியிருக்கீங்க."

"என் ரத்தம்னுதான் எழுதியிருக்கேன்."

கேப்டன் மூக்கின் மேல் விரல்களை அழுத்திக்கொண்டார். "பத்து நாள் அவன் பறக்க வேண்டாம். தண்டனை இல்லை, தூங்கட்டும். மத்தவங்களையும் இதே மாதிரி உக்கார வச்சுப் பாருங்க. என்னையும் சேர்த்துத்தான்."

அப்படியே பார்த்தார்கள். கண்ணை மூடி உட்கார்ந்த பத்துப் பேரில் இரண்டு பேரின் கை பின்னால் போனது. அதில் ஒருவன் படைப்பிரிவிலேயே அதிகம் பேரை வீழ்த்தியவன். அவன் தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இறங்காமல் இருந்தான். யாரும் சிரிக்கவில்லை.

மூன்று மணிக்கு ரொட்டி வண்டி, ஆஸ்பத்திரி இருக்கும் டவுனுக்குக் கிளம்பியது. ஸெனோன் சீருடை மாற்றி, முகம் மழித்து, பெரியப்பாவிடம் வந்து நின்றான்.

"ஹலாமா வேற யார் வாயாலயாவது கேக்கறதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவே?"

"நடந்ததை."

"திட்டுவார்."

"திட்டட்டும்."

"குறுக்கே பேசாம நின்னு கேளு." கோர்சாக் அவன் காலரை ஒரு முறை இழுத்துச் சரிசெய்தார். கூட வரட்டுமா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். ஒரு அடி பின்னால் நகர்ந்து சல்யூட் அடித்தார்.

ஸெனோன் பதிலுக்கு அடித்துவிட்டு வண்டியில் ஏறினான்.

வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் கூடாரத்தில் தொலைபேசி அடித்தது. வேறொரு விமானி ஓடி வந்து ஸெனோனின் விமானத்தில் ஏறினான். கோர்சாக் இறக்கையில் ஏறி அவன் தோள்வாரை இறுக்கினார். அவன் இடது கையைப் பிடித்துத் த்ராட்டிலின் மேல் வைத்தார்.

"எந்தப் பக்கம்?"

"முன்னாடி, சார்ஜெண்ட்."

"இன்னொரு தடவை சொல்லு."