விசாரிக்க ஊரில்லாத மாப்பிள்ளை

அப்பாவின் தாடைக்கட்டு நழுவியிருந்தது. மாற்றிக் கட்டுவதற்காக வெள்ளைத் துணியை நீளவாக்கில் கிழித்துக்கொண்டிருந்தாள் மலர்விழி. கர்நாடகா நம்பர் போட்ட டாக்சி ஒன்று வாசலில் வந்து நின்றது. இறங்கியவனை அவள் போனில் மட்டுமே பார்த்திருந்தாள். போனில் தெரிந்ததைவிடக் குள்ளம், கறுப்பும் ஒரு படி கூடுதல். தங்கை பாரதியின் புருஷன், பெயர் தயாபரன்.

செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்தவன், கட்டிலில் கிடந்த மாமனார் மாதையனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"எப்ப அக்கா?"

"விடியக்காத்தால." அவள் துணியின் ஒரு முனையை நீட்டினாள். பிடிக்க வேறு ஆள் பக்கத்தில் இல்லை. அவன் குனிந்து பிடித்தான். சட்டைக்கை மேலேறியபோது மணிக்கட்டைச் சுற்றிப் பட்டையாக ஒரு பழைய தழும்பு தெரிந்தது. அடிதடிக்காரனோ என்று அவள் மனசு உடனே ஓடியது.

முடிச்சுப் போட்டு முடித்ததும் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, இங்க படம் எடுக்க ஆரும் வருவினமோ?"

மலர்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பெண்கள் இன்னும் அழுது முடிக்கவில்லை, இவனுக்குப் போட்டோ கேட்கிறது.

பாரதி கனடாவுக்குப் போனது கல்யாணம் செய்துகொள்ள இல்லை. சித்தி மகளுக்குப் பிரசவம், கூடமாட ஒத்தாசையாக இருந்துவிட்டு வருகிறேன் என்று விசிட்டர் விசாவில் போனாள். திரும்ப வேண்டிய நேரத்தில் போன் வந்தது. "அக்கா, ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டேன்." பையன் இலங்கைக்காரன், அங்கே குடியுரிமை வாங்கியவன். இவளும் மனைவியாக அங்கேயே தங்கப் பேப்பர் போட்டார்கள். அது முடிவதற்குள் நாட்டைவிட்டு வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடுவார்கள் என்று உறுதியில்லை, போட்ட பேப்பரும் வீணாகிவிடலாம் என்றாள். கல்யாணம் நிஜம்தான் என்பதற்கு ஆதாரம் வேறு கேட்டார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையோடு நிற்கிற போட்டோ ஒன்று இருந்தால் நல்லது என்று அங்கத்திய வக்கீல் சொன்னாராம்.

மாதையன் அதற்கு ஒரே பதில்தான் சொன்னார். "நேர்ல வரட்டும். ஆளப் பாத்துட்டு நிக்கறேன்."

அவனும் டிக்கெட் போட்டான். அதற்குள் மாதையனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தர்மபுரியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கையை விரித்ததும் ஏரியூருக்கே திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். இன்று விடியலோடு எல்லாம் முடிந்தது.

மலர்விழிக்கு ஆரம்பத்திலிருந்தே மனசு ஒப்பவில்லை. மாப்பிள்ளை என்றால் நாலு இடத்தில் விசாரிக்க வேண்டாமா? அவள் கணவன் மாதவராஜை அப்பா கம்பைநல்லூரில் அவன் முடிவெட்டிக்கொள்ளும் கடைவரை போய் விசாரித்தார். இவனுக்கு ஊர் யாழ்ப்பாணம் பக்கம். சண்டையில் ஊரே கலைந்துபோனது என்கிறான். கலைந்த ஊரில் யாரைப் போய்க் கேட்பது? காசு வாங்கிக்கொண்டு பேப்பருக்காகக் கல்யாணம் செய்கிற ஆட்கள் அங்கே உண்டு என்று மாதவராஜ் வேறு யூடியூபில் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தான். இவன் அப்படிப்பட்டவனாக இருந்து, ஊர் முன்னால் சின்ன மருமகன் என்று நிறுத்தி வைத்துவிட்டால், நாளைக்கு பாரதி கதி என்ன?

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி மூக்கைச் சிந்திக்கொண்டே அவள் காதருகே வந்தாள். "ஏன்டி மலரு, புருசங்காரன் வர்றதுக்கு வழி இருக்குது, பெத்த பொண்ணுக்கு வழி இல்லியா?"

"அவளுக்குப் பேப்பர் முடியிலீங்கக்கா."

"அது என்னா பேப்பரோ!"

மலர்விழிக்கும் அதே கேள்விதான். காலையில் போனில் பாரதி, "பேப்பர் போனா போவட்டும், நான் கெளம்பறேன்" என்று கதறினாள். பிறகு போன் இவன் கைக்குப் போனதோ என்னவோ, அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் அந்நேரம் இவன் பெங்களூரில் இறங்கிக்கொண்டிருந்தான். கணக்கு உதைத்தது. ஆனாலும் சந்தேகம் கணக்குப் பார்த்தா வருகிறது?

கைகால் கழுவத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனவன் பின்னாலேயே அவளும் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

"காத்தால எந்திரிச்சா பாரதி மொதல்ல என்னா பண்ணுவா?"

அவன் ஒன்றும் விளங்காமல் பார்த்தான். பிறகு சொன்னான். "ஜன்னலத் திறந்து பாப்பா. பனி கொட்டியிருந்தா அதுக்கு ஒரு ஏச்சுக் குடுப்பா. பிறகுதான் தேத்தண்ணி."

"எந்தக் கால்ல தழும்பு?"

"இடது முழங்கால். சைக்கிளால விழுந்ததாம்."

சரிதான். ஆனால் இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டும் வரலாம்.

"எந்தக் காய் தின்னமாட்டா?"

"கத்தரிக்காய். வாசமே பிடியாது அவவுக்கு."

மலர்விழி செம்பைத் தொட்டி மேல் வைத்தாள். மாட்டிக்கொண்டான். அப்பா வருஷம் தவறாமல் கத்தரி போடுகிறவர். பாரதி அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழம்பை இரண்டாம் முறை ஊற்றிச் சாப்பிட்டவள். கூடக் குடும்பம் நடத்துகிறவனுக்கு இதுகூடவா தெரியாது?

"அங்க பேப்பர் பாக்கிறவையும் இப்பிடித்தான் கேப்பினமாம் அக்கா," என்றான் அவன். "ரெண்டு பேரையும் தனித்தனியா இருத்தி வச்சு." கோபமாகச் சொன்ன மாதிரியும் இல்லை. கேலியாகவும் இல்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

குளிப்பாட்டி முடிந்து கோடி போடுகிற நேரம் வந்தது. மருமகன்கள் ஒவ்வொருவராக வந்து புதுத்துணி போர்த்த, இன்னார் கோடி என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர் மலர்விழியைப் பார்த்தார். "எத்தன மருமவங்கம்மா?"

"ஒருத்தருதாங்க."

"மருமவன் மாதவராஜ் கோடி!"

மாதவராஜ் வேட்டியை விரித்துப் போர்த்தினான். பந்தலின் ஓரத்தில் தயாபரன் ஒரு ஜவுளிக்கடைப் பையோடு நின்றுகொண்டிருந்தான். வழியில் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ வாங்கியிருப்பான். கூட்டம் அடுத்த வேலைக்கு நகர்ந்ததும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். மலர்விழி அதைப் பார்த்தாள். பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள். செய்தது சரி என்றுதான் அப்போதும் நினைத்தாள்.

அம்மா தீர்த்தம்மாள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து பாதத்துக்கு மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்தாள். மலர்விழி குனிந்து குசுகுசுத்தாள்.

"இவன் சரியில்லம்மா. பாரதிக்குக் கத்தரிக்கா புடிக்காதுங்கறான்."

"புடிக்காதுதான்," என்றாள் அம்மா, தேய்ப்பதை நிறுத்தாமல்.

"என்னாம்மா சொல்ற?"

"சின்னப் புள்ளையில தட்டுல ஒதுக்கி வெப்பா. உங்கப்பாரு மூஞ்சி சுருங்கிப் போவும். அதப் பாத்துட்டு முழுங்கப் பழகிக்கிட்டா. யாருகிட்டயும் சொல்லாதம்மான்னு எங்கிட்ட மட்டும் சொல்லுவா." அம்மா நிமிர்ந்தாள். "உனுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அக்காவிடம் சொல்லாததை, எங்கிருந்தோ வந்த ஒருத்தனிடம் சொல்லியிருக்கிறாள். மலர்விழிக்கு முதலில் வந்தது பொறாமைதான். அது அடங்கிய பிறகுதான் வெட்கம் வந்தது.

அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துத் துணியால் சேர்த்துக் கட்டி மாலை போட்டார்கள். பென்னாகரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் முனாப் கேமராவோடு வந்திருந்தார். தூக்குவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுப்பது அங்கே எல்லா வீட்டு வழக்கமும்தான்.

"அம்மா நடுவுல உக்காருங்க. பெரிய பொண்ணு, மருமவன் இந்தப் பக்கம். வேற யாருங்க?"

மலர்விழி பந்தல் ஓரம் திரும்பினாள். "நீங்களும் வந்து நில்லுங்க."

அவன் நகரவில்லை. அவளே கிட்டே போனாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்க. பாரதிக்குப் பேப்பருக்கு வேணும்னு கேட்டாங்களே, அந்தப் போட்டாதான்."

"அதுக்காகத்தான் காலமையே கேட்டனான் அக்கா, படம் எடுப்பினமோ எண்டு. எடுத்தா அந்த நேரம் நான் தள்ளி நிக்கவேணும் எண்டுதான்." அவன் குரல் முதல்முறையாக உடைந்தது. "மாமா என்னைப் பாத்திட்டுத்தான் நிப்பன் எண்டவர். அவர் பாக்கேல்ல. பாக்காத மனுசன இருத்தி வச்சு நான் பக்கத்தில நிண்டா, அது களவு."

"அவ பேப்பரு?"

"பாரதியிட்டயும் சொல்லிப்போட்டன். அவவும் ஓம் எண்டவ."

முனாப் அங்கிருந்து கத்தினார். "வெயிலு மூஞ்சில அடிக்குதுங்க! யாராச்சும் கொடை புடிங்க!"

மேற்கு வெயில் பந்தலுக்கடியில் சாய்ந்து அப்பாவின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் தோட்டத்துக்கு எடுத்துப்போகும் பெரிய கறுப்புக் குடை சுவரில் மாட்டியிருந்தது. தயாபரன் ஓடிப்போய் அதை எடுத்து விரித்தான். நாற்காலிக்குப் பக்கவாட்டில், படத்துக்கு வெளியே விலகி நின்று, கையை மட்டும் நீட்டி அவர் முகத்துக்கு நிழல் கொடுத்தான். முனாப் எடுத்து முடிக்கிறவரை குடை அசையவில்லை.

தூக்குவதற்கு முன் மலர்விழி அவன் கக்கத்திலிருந்த பையை வாங்கி, வேட்டியைப் பிரித்து அவன் கையில் கொடுத்தாள். பேர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. அவனே விரித்துப் போர்த்தினான்.

காரியம் முடிந்து அவன் கனடாவுக்குக் கிளம்பினான். சந்தேகம் மொத்தமாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. டாக்சியில் பெட்டி ஏறும்போதுகூட மலர்விழி அதை ஒரு நோட்டம் விட்டாள். பழகிப்போன மனசு அவ்வளவு சீக்கிரம் சும்மா இருக்காது.

மறுநாள் பிரேம் போடுவதற்கு முன் காட்டிவிட்டுப் போக முனாப் லேப்டாப்போடு வந்தார். அம்மா நடுவில். அப்பா நிழலில், தூங்குகிறவர் மாதிரி. மாதவராஜ் விறைப்பாக. இடது ஓரத்தில் குடைக்காம்பைப் பிடித்தபடி ஒரு கை. சட்டைக்கை விலகி, மணிக்கட்டுத் தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

"இந்தக் கை ஒண்ணு குறுக்க வந்துருச்சுங்க," என்றார் முனாப். "ஓரத்த வெட்டிரட்டுங்களா? கொடை மட்டும் நிக்கும், தெரியாது."

மலர்விழி திரையில் அந்தக் கையின் மேல் விரலை வைத்தாள்.

"வெட்டாதீங்க."

"அப்ப பிரேம் கொஞ்சம் பெருசாத்தான் ஆவுங்க."

"ஆவட்டுங்க. ரெண்டு காப்பி போடுங்க. ஒண்ணு பாரதிக்கு அனுப்பணும்." அவள் எழுந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்து ஆணியில் மாட்டினாள்.