ஆளில்லாத வாசலின் பதிவு

பக்கத்தில் வந்து உட்காருங்கள், என் கண்ணுகளே. கால் நீட்ட வேண்டுமானால் தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு பதிவுப் பெட்டியின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர். கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு கடல் தாண்டி இருந்தது. வாசலில் ஒரு கேமரா. அது பிடிப்பதைச் சேர்த்து வைக்க, கூடத்து அலமாரியில் ஒரு ரெக்கார்டர். இடம் நிரம்பிவிட்டால் பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதியும். அது அதன் குணம்.

மனைவி திடீரென்று போய்ச் சேர்ந்தாள். கொக்கி ஊருக்குப் போனார், செய்ய வேண்டியதைச் செய்தார், வீட்டைப் பூட்டினார், திரும்பி வந்து கிரேனில் ஏறினார். அழுகை வரவில்லை. சாப்பாடு இறங்கியது, தூக்கமும் வந்தது. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி அவ்வப்போது அவள் பெயரைச் சொல்லிப் பார்ப்பார். ஒன்றும் இல்லை. மதிய இடைவேளையில் போனைத் திறந்து, பூட்டிய வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு மதியம்தான் ஞாபகம் வந்தது. அவள் போவதற்குச் சில நாள் முன்பு, “கேமராவுல சிலந்தி வலை, ஒண்ணும் தெரியல” என்று இவர் குறை சொல்லியிருந்தார். “வலை உங்க கண்ணுலதான் இருக்கும்” என்றவள், மறுநாளே ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தாளாம். அப்படியானால் அவள் முகம் அதில் விழுந்திருக்க வேண்டுமே! கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த நாளின் பதிவு இன்றைக்குள் அழிந்துவிடும்.

பெட்டியைத் திறக்க, அவசரமாகப் போனில் வீட்டின் இணைய எண்ணைத் தட்டினார். வேறு ஏதோ ஒரு ரெக்கார்டர் எதிரே வந்து, பாஸ்வேர்டு தப்பு என்று விரட்டியது. அங்கே அப்போதுதான் கரண்டு போய் வந்திருக்க வேண்டும்; ஒவ்வொரு தடவையும் மோடத்துக்குப் புது எண் கிடைத்துவிடும். பழைய எண் வேறு யார் வீட்டுக்கோ போய்விடும். மனைவியின் தங்கையைக் கூப்பிட்டார். பக்கத்துத் தெருவில் தையற்காரி, சாவி அவளிடம்தான்.

“அடுத்தவங்க வீட்டுக் கதவைத் தட்டினீங்களா? உதை வாங்காம வந்தீங்களே அத்தான்!” என்றபடி வந்து கதவைத் திறந்தாள். “இங்க சிலந்திங்க குடும்பம் நடத்துதுங்க. சரி, நம்பர் சொல்றேன், போட்டுக்குங்க. புள்ளியையும் சொல்லணுமா?”

“சொல்லும்மா.”

திறந்தது. அந்த நாளைத் தேடிப் பிடித்தார். முதலில் ஸ்டூல். பிறகு துணி பிடித்த கை. பிறகு திரை முழுக்க அவள் முகம். தூசிக்குக் கண்ணை இடுக்கி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு. ஏதோ முணுமுணுத்தாள், கேமராவுக்குக் காது கிடையாது. கொக்கி பார்த்தார். மனசுக்குள் எதுவும் அசையவில்லை. நகலெடுக்கும் பொத்தானை அழுத்தினார். கொஞ்ச தூரம் வந்து படம் உறைந்தது.

“கரண்டு போச்சு அத்தான்.”

வந்தது. புது எண். மறுபடி பாதியில் போனது. மறுபடி புது எண்.

“அத்தான், ஒண்ணு கேக்கவா? இந்தப் பெட்டி இப்ப எதை எடுத்துக்கிட்டு இருக்கு?”

“வாசலை.”

“வாசல்ல யாரு இருக்கா?”

“யாரும் இல்ல.”

“அந்த யாருமில்லாததை எடுக்கத்தான் அக்காவை அழிக்குதா? வயரைப் புடுங்கிடறேன். லீவுல வந்து நிதானமா எடுத்துக்குங்க.”

“புடுங்கினா வீடு தெரியாதேம்மா.”

“தெரிஞ்சு?” என்றாள் பட்டென்று. பிறகு குரல் இறங்கியது. “இருக்கேன். யோசிச்சுச் சொல்லுங்க.”

தினமும் அந்த வாசலில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவர் அதுவரை தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

“ஒரு தடவை வாசல்ல வந்து நில்லேன்.”

வந்து நின்றாள், கழுத்தில் அளவு நாடாவோடு. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேலே பார்த்துக் கையை ஆட்டினாள். அக்காவின் சாயல் கொஞ்சம்கூட இல்லை.

“போதும்மா. புடுங்கிடு.”

அவள் உள்ளே போனாள். வெயில் விழுந்த வெறும் வாசல் சிறிது நேரம் தெரிந்தது. பிறகு திரை கறுத்தது. கொக்கி போனைப் பையில் போட்டு, கிரேன் ஏணியில் கால் வைத்தார். அப்போதும் அழுகை வரவில்லை, கண்ணுகளே. மனைவி அந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

உங்கள் வாசலில் எந்நாளும் ஆள் நடமாட்டம் இருக்கட்டும். நீங்கள் கதவைத் தட்டும்போது “இதோ வரேன்” என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.