நான்காவது பின்

1

இந்தக் கதை எழுந்ததற்கு நானும் ஒரு காரணம். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு வீடியோவில் இரண்டே விநாடி தெரிந்து மறைந்த ஸ்டிக்கரை நிறுத்தி, பெரிதாக்கி, அதிலிருந்த கடையின் பெயரையும் ஊரையும் படித்து, கீழே கமெண்டில் முதன்முதலாக எழுதியவன் நான். பக்கத்தில் 'திருட்டுப் பயல்' என்றும் சேர்த்தேன். நூற்றுக்கணக்கானோர் அதற்கு லைக் போட்டார்கள். சித்தூரில் ஓர் அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிற எனக்கு அதற்கு முன் அத்தனை பேர் எதற்கும் தலையாட்டியதில்லை.

அந்த வீடியோவில் பேசியவள் மாரீஸ்வரி. இது அவளுடைய கதை. நான் வேறு எங்கேனும் தலைகாட்டினால் அது என் குற்றவுணர்ச்சி, கண்டுகொள்ள வேண்டாம்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் திண்டாடினேன்.

'சூரியநெல்லியின் தேயிலைச் சரிவுகளில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு —'

[வேண்டாம். மூடுபனியில் தொடங்கினால் சுற்றுலாக்காரர்கள் கேமராவோடு வந்துவிடுவார்கள்.]

'பிராசசர் என்பது கணினியின் மூளை. மனிதனின் மூளையைப் போலவே அதுவும் —'

[இதுவும் வேண்டாம். பள்ளிக்கூடப் பாடம்.]

நேராகவே சொல்கிறேன். மாரீஸ்வரிக்கு இருபத்தாறு வயது. சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசை வேலை. வீடு சூரியநெல்லி எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று. அம்மா அழகுத்தாய் அங்கே கொழுந்து எடுப்பவள். கணவன் சதீஷ் கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். புதுக் கணினி வாங்க முடியாதவர்களுக்காக, பத்துப் பன்னிரண்டு வருடம் பழைய கணினிகளில் எந்த விளையாட்டு எப்படி ஓடும் என்று சோதித்துச் சொல்வதற்காக மாரீஸ்வரி ஒரு சேனல் நடத்தினாள். எழுபதாயிரம் பேர் அவள் சொல்வதைக் கேட்டார்கள். மழைக்காலத்தில் தகரக்கூரைச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசுவாள். அந்தக் குரலை நம்பாமல் இருப்பது கடினம்.

3

ஒருநாள் சதீஷ் பொள்ளாச்சிக்குப் போனவன், அங்கிருந்து கோபாலபுரம்வரை போய் ஒரு கணினியை வாங்கி வந்துவிட்டான். மாநில எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டி, அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினிகளைச் சரிசெய்து விற்கும் தண்டபாணியின் கடை. உள்ளே இருந்தது இரண்டாம் தலைமுறை ஐ-செவன்.

"ரெண்டாம் தலைமுறையா? எங்கிட்ட இருக்கதே மூணாம் தலைமுறை ஐ-ஃபைவ். அதவிடப் பழசப் போய் வாங்கிட்டு வந்துருக்கீக" என்றாள் மாரீஸ்வரி.

"கேம் ஆடுறதுக்கு இதுதான் நல்லதுன்னு கடைக்கார அண்ணே சொன்னாரு."

"அவரு விக்கிறவரு. அப்படித்தான் சொல்லுவாரு."

"நீ வேணா ஓட்டிப் பாரு."

ஓட்டிப் பார்த்தாள், கேமராவை வைத்துக்கொண்டு. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சோதிக்கும் பிராசசரைப் பார்வையாளர்களுக்குக் கண்ணால் காட்டிவிடுவாள். அதற்காக மேலே இருந்த ஃபேனைக் கழற்றி, சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்டைத் துடைத்து, பொறித்திருந்த எண்ணைக் காட்டினாள். புதிதாகப் பேஸ்ட் வைத்து ஃபேனைத் திரும்ப மாட்டினாள். பிறகு இரண்டு கணினிகளிலும் ஒரே விளையாட்டு, ஒரே தெரு, ஒரே கார் துரத்தல்.

(விளையாடாதவர்களுக்கு ஒரு குறிப்பு: திரையில் ஒரு விநாடிக்கு எத்தனை படங்கள் மாறுகின்றன என்பதுதான் கணக்கு. சராசரியை மட்டும் பார்த்தால் போதாது. நெரிசலான கட்டத்தில் அது எவ்வளவு தாழ்கிறது என்பதே முக்கியம். அங்கே தாழ்ந்தால் படம் திக்கும், திக்கினால் செத்தீர்கள்.)

அவளுடைய ஐ-ஃபைவ் சராசரி ஐம்பத்தேழு, தாழ்ந்தபோது முப்பத்துமூன்று. சதீஷ் வாங்கிவந்தது சராசரி நாற்பத்தொன்று, தாழ்ந்தபோது ஒன்பது. கார் சுவரைத் துளைத்துக்கொண்டு போவதுபோல விட்டுவிட்டு நகர்ந்தது. சதீஷ் பின்னால் நின்று பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

"இத கேமிங் மெஷின்னு விக்கிறது பச்ச ஏமாத்து" என்று வீடியோவை முடித்தாள். கடையின் பெயரை அவள் சொல்லவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் இருந்தது. மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

ஒரே ஒருவர் கீழே கேட்டிருந்தார்: 'டெம்பரேச்சர் எவ்வளவு போச்சு?' மாரீஸ்வரி சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டு, 'எங்க ஊரு குளிருல சூடா?' என்று பதில் எழுதினாள்.

4

அடுத்த மூன்று வாரங்களில் கோபாலபுரத்தில் நடந்தவை: தண்டபாணியின் போன் ஓயாமல் அடித்தது. முகம் தெரியாதவர்கள் அவர் குடும்பத்தை இழுத்துப் பேசினார்கள். ஷட்டரில் யாரோ கறுப்புப் பெயின்ட்டால் 420 என்று எழுதினார்கள். கண்ணாடி அலமாரியில் ஒரு கல் விழுந்தது.

இதெல்லாம் மாரீஸ்வரியின் காதுக்கும் வந்தது. பார்வையாளர்கள் படம் எடுத்து அனுப்பினார்கள், பரிசு அனுப்புவதுபோல. 'கல்லெல்லாம் எறியாதீங்க' என்று ஒரு வரி எழுதினாள். ஆனால் மனதுக்குள், கொஞ்சமாக, [இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. இந்தக் கதைக்காகப் போனில் பேசியபோது அவள் அதை என்னிடம் சொன்னாள். எழுதக் கை வரவில்லை. அதே கொஞ்சம் எனக்குள்ளும் இருந்தது.]

5

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நண்பகல். தூசு தட்ட, சதீஷ் வாங்கிவந்த பெட்டியைத் திறந்தாள் மாரீஸ்வரி. ஃபேனைத் துணியால் துடைத்தபோது அது லேசாக ஆடியது. ஆடக்கூடாது.

அந்த ஃபேனுக்கு நான்கு மூலையிலும் நான்கு பிளாஸ்டிக் பின்கள் உண்டு. அழுத்தினால் டக்கென்று அடியில் பூட்டிக்கொள்ளும். மூன்று பூட்டியிருந்தன. நான்காவது, பார்வைக்குப் பூட்டியதுபோல, ஓட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

மாரீஸ்வரி கட்டிலில் உட்கார்ந்தாள். கழற்றியவள் அவள். மாட்டியவளும் அவள். ஃபேன் சரியாக ஒட்டாமல் பிராசசர் கொதித்திருக்கிறது. கொதித்தால் அது எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அவள் அளந்தது பிராசசரை அல்ல, தன் கட்டைவிரல் அழுத்தாமல் விட்டதை.

பின்னை அழுத்தினாள். இந்த முறை வெப்ப அளவையும் திரையோரத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். சராசரி அறுபது. தாழ்ந்தபோது நாற்பத்தேழு. மூன்றுமுறை ஓட்டினாள், மூன்றுமுறையும் அதே. பழையதுதான், ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு மடங்கு வேலைகளைப் பிரித்து எடுத்துக்கொள்ளக்கூடியது. நெரிசலில் அவளுடைய ஐ-ஃபைவை அது தூக்கிச் சாப்பிட்டது. தண்டபாணி சொன்னது சரி.

6

சதீஷ் வந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றான். குரலில் வெற்றி இல்லை.

"அந்த வீடியோவ எடுத்துரட்டா?"

"எடுத்தா ஏன் எடுத்தன்னு கேப்பானுக."

"அப்ப உண்மையச் சொல்லிருதேன்."

"மாரி, நெனச்சுப் பேசு. அந்தாளு ஆம்பள. அவருக்கே கல்லத் தூக்கிப் போட்டானுக. ஒரு பொம்பளப் புள்ள தப்பாச் சொல்லி ஒருத்தர் பொழப்பக் கெடுத்துட்டான்னா ஒன்ன என்ன பண்ணுவானுக? நீ வேல பாக்குற எடம் தெரியும். லயம் தெரியும். ஒங்கம்மா தேயிலக் காட்டுல நிக்கிறது தெரியும்."

அவளுக்கு அது எல்லாம் தெரியும். அந்தப் பார்வையாளர்களை வளர்த்தவளே அவள்தானே.

"மொதல்ல அவருகிட்டப் போய்ச் சொல்லணும்" என்றாள்.

"நானும் வாரேன்."

"வேண்டாம். நீங்க வந்தா எம் பக்கம் பேசுவீக."

7

மறுநாள் முதல் பஸ். மடியில் அந்தப் பெட்டி, போர்வையில் சுற்றி. மூணாறில் மாறி, மறையூர் வழியாக உடுமலை, அங்கிருந்து பொள்ளாச்சி. சின்னாறு செக்போஸ்ட்டில் ஏறிய வனக்காவலர், "எந்தா இது?" என்று தட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர் சாரே." "கேடாயோ?" கெட்டுப்போய்விட்டதா என்கிறார். அவள் தலையை எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

கோபாலபுரத்தில் இறங்கியபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. 420-ஐ மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்திருந்தார்கள், முழுதாகப் போகவில்லை.

[இங்கே வருகிற தண்டபாணி எனக்குப் பிடிபடவே இல்லை. முதல் பிரதியில் அவரைக் கத்தவைத்தேன்: 'வெளிய போடீ!' வாசிக்க நன்றாக இருந்தது. இரண்டாம் பிரதியில் அவர் உடனே மன்னித்தார். அதில் எனக்குத்தான் வசதி. மாரீஸ்வரி சொன்னதை அப்படியே தருகிறேன்.]

ஐம்பது வயது மனிதர், கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தார். "வாங்கம்மிணி. என்ன வேணுமுங்க?"

"அண்ணே, நான் சூரியநெல்லில இருந்து வாரேன்."

அவர் கை நின்றது. முகத்தைப் பார்க்கவில்லை. "இந்தக் குரலெத் தெரியுமுங்க" என்றார். பிறகு, அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நீங்க எதுக்குங்க அத்தன தூரம் வந்தீங்க? எல்லாம் செரிபண்ணீட்டனுங்க. அந்த மாதிரி இன்னும் ஒம்பது மெஷின் வித்திருந்தேன். ஒம்பது ஊட்டுக்கும் நானே போயி, தெரியாமச் செஞ்சுட்டனுங்க, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லி, எடுத்துட்டு வந்துட்டேன். நீங்க நல்லதுன்னு சொன்னீங்களே, அந்த மூணாம் தலைமொற, அதையே வாங்கி மாத்திக் குடுத்துட்டனுங்க."

"நீங்க... என்ன நம்புனீங்களாண்ணே?"

"நான் படிச்சவனுங்களா? கோயமுத்தூர்ல சொல்லிக் குடுத்ததெ வெச்சுப் பொழைக்கறேன். நீங்க நெம்பர் போட்டுக் காட்டறீங்க. அத்தன பேரு கேக்கறாங்க. அப்ப நாந்தான் இத்தன நாளு ஊரெ ஏமாத்தீட்டு இருந்திருக்கறேன்னு நெனச்சனுங்க."

"கழட்டுன பிராசசரெல்லாம்?"

"பழைய சாமான்காரனுக்குப் போட்டாச்சு. கண்ணுல பாக்கவே புடிக்கலீங்க."

அவள் போர்வையை அவிழ்த்தாள். கேபிள்களை மாட்டினாள். திரையின் கேபிள் இரண்டுமுறை நழுவியது. விளையாட்டை ஓட்டி, எண்களைக் காட்டினாள். நாற்பத்தேழு. பிறகு அணைத்து, ஆறவிட்டு, நான்காவது பின்னைத் தளர்த்தி மறுபடி ஓட்டினாள். வெப்பம் ஏற ஏற எண்கள் சரிந்தன. இருபது. பதினான்கு. ஒன்பது.

"நான்தான் ஃபேனக் கழட்டுனேன். திரும்ப மாட்டுனப்ப இது பூட்டல. நான் பாக்கல. தப்பு எம் மேலதாண்ணே. நீங்க சொன்னதுதான் சரி."

தண்டபாணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பின்னைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியே செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன.

"அப்ப நான் பொய் சொல்லலீங்களா?"

"இல்லண்ணே."

"நல்லதெப் புடுங்கீட்டு, மட்டமானதெக் குடுத்துட்டு வந்திருக்கறேன். அதுக்கு மன்னிப்பு வேற கேட்டிருக்கறேன்." அவர் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "எம் பொண்டாட்டி ஒரு மாசமா கோயிலுக்குப் போறதில்லீங்க, தெரியுமுங்களா?"

"நாளைக்கே வீடியோ போடுதேன். எல்லாத்தையும் சொல்லிருதேன்."

"போடுங்க, போடாமப் போங்க. அதெ ஆரு பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் வீடியோவுல மன்னிப்புக் கேக்கலீங்க. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு கேட்டேன்." சாவிக்கொத்தை எடுத்தார். "ஒம்பது ஊடு. வாறீங்களா?"

கைப்பையில் போன் அதிர்ந்தது. சதீஷ். அவள் எடுக்கவில்லை.

"வாரேண்ணே."

8

முதல் வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தண்டபாணியின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள். கதவைத் திறந்த பெண் தண்டபாணியைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"வாங்கண்ணா! நீங்க மாத்திக் குடுத்தது ஜம்முனு ஓடுதுங்க. எங்க ஊட்டுக்காரரு ஆடற ஆட்டத்தெப் பாக்கோணுமே! தப்பு பண்ணுனா ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணுமுங்கண்ணா. இவிங்க ஆருங்க?"

உள்ளறையில் யாரோ கணினியில் சந்தோஷமாகத் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாரீஸ்வரி இதைத்தான் எதிர்பார்க்கவில்லை. கோபத்துக்குத் தயாராக வந்திருந்தாள். இங்கே எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள், மட்டமான கணினியோடு. அவள் வாயைத் திறந்தால் இந்த வீட்டின் சந்தோஷம் போகும். திறக்காவிட்டால், பக்கத்தில் ஹெல்மெட்டை மார்போடு அணைத்தபடி நிற்கும் மனிதர், செய்யாத தப்பை ஒத்துக்கொண்ட நல்லவராகவே கடைசிவரை இருப்பார்.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவள் சொன்னாள், அந்தப் பெண் அறைந்தாள். [யாரும் அறையவில்லை என்று மாரீஸ்வரி சொல்லியிருக்கிறாள்.]

அவள் சொல்லத் தொடங்கும் முன் தண்டபாணியே, 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்' என்று — [இல்லை. அவர் அவளைக் காப்பாற்ற அழைத்துவரவில்லை.]

அவள் சொன்னாள், உள்ளிருந்து கணவன் வந்து, 'பரவால்லீங்க, இது போதும்' என்று — [இது நடந்திருக்கலாம். ஒன்பதில் ஏதோ ஒரு வீட்டில்.]

எனக்குத் தெரிந்தவை இவ்வளவுதான்: நான்காம் நாள் அவள் வீடியோ வந்தது. பழையதை அழிக்கவில்லை, அதன்மேல் பெரிய எழுத்தில் 'தப்பு' என்று போட்டிருந்தாள். பன்னிரண்டாயிரம் பேர் சேனலை விட்டுப் போனார்கள். சதீஷ் பயந்ததில் பாதி நடந்தது. ரிசார்ட்டுக்குப் போன்கள் வந்தன, லயத்துக்கு யாரும் வரவில்லை. தண்டபாணியின் ஷட்டர் இப்போது முழுதாகத் திறந்திருக்கிறது.

ஒன்பது வாசல்களில் என்ன பேசினாள் என்று மூன்றுமுறை கேட்டேன். அதைமட்டும் அவள் சொல்லவில்லை. "அது அந்த வீட்டுக்காரங்களுக்குச் சொன்னதுண்ணே" என்றாள். ஆகவே நானும் எழுதப்போவதில்லை.

கதவு திறந்திருக்கிறது. அந்தப் பெண் இன்னும் சிரித்தபடி, இது யார் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். மாரீஸ்வரியின் நிலையில் நீங்கள் இருந்தால் எந்தச் சொல்லில் தொடங்குவீர்களோ அதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். மனதுக்குள் வேண்டாம், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அன்று இருட்டுவதற்குள் மாரீஸ்வரி அதை ஒன்பது தடவை சொன்னாள்.